பின்சக்கரத்தில் மஞ்சள் பொட்டு

உனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது என்று யாராவது என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், அன்றைக்கு அது அடிதடியில்தான் முடிந்திருக்கும். ராணுவத்தில் ஒரு ஆர்ட்னன்ஸ் டிப்போவில், அதாவது தளவாடக் கிடங்கில், இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் ஓட்டினேன். டிப்போவில் சிமென்ட் தரை, சின்ன வண்டி. அதற்குப் பின்சக்கரம் மட்டும்தான் திரும்பும். இடது பக்கம் ஒடித்தால் வால் வலது பக்கம் வீசும். எந்த இடத்தில் ஒடிக்க வேண்டும், வால் எவ்வளவு வீசும் என்றெல்லாம் நான் யோசித்ததே கிடையாது, கை தானாகச் செய்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகும் நான் டெல்லியை விட்டுப் போகவில்லை. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். ஆனால் மனைவிக்கு மத்திய அரசு அலுவலகத்தில் இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் இருந்தது, துவாரகாவில் மூன்றாவது மாடியில் வீடு. இரண்டு மாதம் சும்மா இருந்து பார்த்தேன். சமையலறை டப்பாக்களையெல்லாம் உயர வாரியாக அணிவகுத்து நிற்க வைத்த அன்று மாலையே, என் மனைவி எனக்கு வேலை தேட ஆரம்பித்துவிட்டாள். துவாரகாவின் கடைசியில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த ஒரு சைட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். மேனேஜர் என்னை “ஃபௌஜி சாப்”, பட்டாளத்து ஐயா, என்று கூப்பிட்டார். எனக்கு அது போதுமாயிருந்தது.

வண்டியைப் பார்த்ததும் கொஞ்சம் திக்கென்றது. கரடுமுரடான தரைக்கென்றே செய்த வண்டி, வாடகைக்கு எடுத்தது. சக்கரம் ஒவ்வொன்றும் என் மார்பு உயரம். நீட்டினால் நாலாவது மாடி வரை போகும் கை. ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கி நின்றால், ஒரு லீவரைத் தள்ளி வண்டியின் உடம்பை மட்டும் நிமிர்த்திக்கொள்ளலாம். நிமிர்ந்துவிட்டதா என்று பார்க்க, கொத்தனார் கையில் இருக்குமே, அதே மாதிரி ஒரு ரசமட்டம் கண்ணெதிரே இருந்தது. அதெல்லாம் ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. என்னைக் குழப்பியது ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குமிழ்.

அந்தக் குமிழை ஒரு பக்கம் வைத்தால், கார் மாதிரி முன்சக்கரம் மட்டும் திரும்பும். நடுவில் வைத்தால் நான்கும் திரும்பும், முன்சக்கரம் இடது என்றால் பின்சக்கரம் வலது. அப்போது அவ்வளவு பெரிய வண்டி ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றி வந்துவிடும். இன்னொரு பக்கம் வைத்தால் நான்கும் ஒரே திசையில் திரும்பி, மூக்கைத் திருப்பாமலே வண்டி நண்டு மாதிரி கோணலாக நகரும். சுவரை ஒட்டிச் சரக்கு இறக்க அதைவிட வசதி கிடையாது. கேட்க எளிதாகத்தான் இருந்தது. உட்கார்ந்து ஓட்டினால் தலை சுற்றியது. கண் ஒன்று சொல்லும், குமிழ் ஒன்று சொல்லும், என் கை மட்டும் இன்னும் டிப்போவிலேயே இருக்கும்.

வீட்டில் பயிற்சி செய்தேன். மனைவியின் சக்கரம் வைத்த பெட்டியை வராந்தாவில் உருட்டி, நான்கு சக்கரத்தையும் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர் ஊருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாளும் கேட்டார். அதற்குள் எனக்கே கோபம் வந்துவிட்டது, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆனாலும் ஒரு மாதத்தில் எப்படியோ ஓட்டப் பழகிவிட்டேன். புரிந்து ஓட்டினேன் என்று சொல்ல மாட்டேன்.

டிப்போவில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை நிறுத்தினால், சரக்கைத் தூக்கும் ஃபோர்க்கைத் தரையில் படுக்க வைக்க வேண்டும். ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இடது பக்கம் திருப்பிவிட்டுச் சாவியை எடுக்க வேண்டும். காலையில் வந்து பார்க்கும்போது சக்கரம் நேராக இருந்தால், நம் வண்டியை யாரோ தொட்டிருக்கிறான் என்று அர்த்தம். இந்த சைட்டில் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் நான் வருவதற்கு முன்பே மெக்கானிக் ஆபீஸில் சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிடுவார். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? தினமும் சாயங்காலம் கால் சுற்று இடது பக்கம் திருப்புவேன். பிறகு, பகலெல்லாம் நடுவிலேயே இருந்த குமிழை முன்சக்கரம் மட்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு இறங்குவேன். அதுதான் அடக்கமான நிலை என்று எனக்குள் ஒரு எண்ணம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அப்பா அம்மா விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜங்புராவில், மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில். தமிழ் பேசுவார், இந்திதான் படிப்பார். நான் அவரை “நீ”, “வா”, “போ” என்றுதான் பேசினேன், அவர் என்னை “சார்” என்றார். தமிழ்க்காரன் என்று முதல் நாள் ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு அவர் காலையில் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்தேன். இவன் சாமி ஆள், வேலை ஆள் இல்லை என்று அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் புத்தி அப்படி.

முதல் இரண்டு மாதம் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு கேம்ப்பை இடித்தார்கள். பதிலுக்கு அரசு வீடு கொடுத்த நரேலாவுக்கு அவர் குடும்பத்தோடு போனார். டெல்லியின் வடக்குக் கோடியிலிருந்து தென்மேற்குக் கோடிக்கு பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். தினமும் ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தவர் இப்போது சில நாள்தான் ஏழுக்கு வந்தார், சில நாள் எட்டரைக்கு, சில நாள் ஒன்பதுக்கு. நான் எட்டு மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுவேன்.

வண்டிக்குப் பைத்தியம் பிடித்தது அதற்குப் பிறகுதான். நேராகப் போ என்றால் நேராகப் போகும், ஆனால் உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு போகும். இடது பக்கம் ஒடித்தால் சட்டென்று சுருண்டுவிடும், வலது பக்கம் ஒடித்தால் ஊரைச் சுற்றும். மண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன், மழைக்காலம், எங்கே பார்த்தாலும் சேறு. ரசமட்டத்தைப் பார்த்து உடம்பை நிமிர்த்தினேன், நிமிர்ந்து நின்று கோணலாகப் போயிற்று. டயரில் காற்று குறைவோ என்று பார்த்தேன், சரியாக இருந்தது. அதற்குள் மறுநாள் ஆகிவிடும், மறுநாள் வண்டி ஒழுங்காக ஓடும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, துவாரகாவிலேயே டாக்டரிடம் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். எந்த நாள் கோளாறு, எந்த நாள் இல்லை. ஒரு வாரத்திலேயே உண்மை பளிச்சென்று தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். மெக்கானிக் சீக்கிரம் வந்த நாளில் வண்டி ஒழுங்கு. லேட்டாக வந்த நாளில் கோணல். ஆக, அவன் பார்க்க வேண்டியதைப் பார்க்காததால்தான் வண்டி கெடுகிறது! இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நோட்டை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவர் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். பின்சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிற இரும்பில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது, கட்டை விரலால் வைத்த மாதிரி உருண்டையாக. அதற்கு எதிரே, திரும்பாத சட்டத்தில் இன்னொரு பொட்டு. பெயின்ட் இன்னும் காயவில்லை.

“என்னப்பா இது?”

“பெயின்ட் சார். சீட்லேருந்து பாத்தா...”

“பெயின்ட்னு எனக்குத் தெரியாதா? இது சைட்டா, கோயிலா? பொட்டு வெக்கிறதெல்லாம் ஆயுத பூஜைக்கு வெச்சுக்கோ.”

“அய்யோ, அது பொட்டு இல்ல சார். அது வந்து...”

“அது வந்து இது வந்தெல்லாம் வேணாம். காலைல ஜல்தி வர்ற வழியப் பாரு.”

சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “அச்சா சார்” என்றார். நான் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே இரண்டு பொட்டையும் துடைத்தேன். நாலைந்து நாள் கழித்து மறுபடி பொட்டு இருந்தது. அதையும் துடைத்தேன். மூன்றாவது முறை பெயின்ட் காய்ந்துபோயிருந்ததால் கைக்குட்டையில் டீசல் நனைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. அந்த மஞ்சள் கறை துவைத்தும் போகவில்லை. எங்கே போய்த் தேய்த்துக்கொண்டு வருகிறீர்கள் என்று மனைவி கேட்டாள்.

மூன்றாவது பொட்டைத் துடைத்த அன்றே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். ராணுவப் பாணியில், இந்தியில், எண் போட்டு. மெக்கானிக் நேரத்துக்கு வருவதில்லை. வண்டியைச் சோதிப்பதில்லை. வேலை நேரத்தில் பூஜை செய்கிறார். அவரை மேனேஜர் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். மேனேஜர் படித்துப் பார்த்தார், ஃபௌஜி சாப் எழுதிக் கொடுத்தால் பொய்யாகவா இருக்கும் என்றார், அன்று மத்தியானமே அவரை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் வந்தார். நான் சீட்டிலிருந்து இறங்கவில்லை.

“வரேன் சார். பின்சக்கரத்த பாத்துக்கோங்க.”

தலையை மட்டும் ஆட்டினேன். எதற்குப் பின்சக்கரம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பொட்டு வைக்க முடியாத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் வண்டி கோணலாக ஓடியது. அதற்கடுத்த நாள் இன்னும் கோணல். மூன்றாம் நாள் நேராகப் போவதற்கே ஸ்டீயரிங்கை வலது பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. போகிற போக்கில் என்னவோ செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். ஆமாம், அதையும் நினைத்தேன்.

நான்காம் நாள் டைல்ஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, வேலையாட்கள் தண்ணீர் பிடிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் திரும்பினேன். இடது பக்கம் கொஞ்சம்தான் ஒடித்தேன். வண்டி கொஞ்சமாகத் திரும்பவில்லை, அப்படியே சுருண்டது. பின்பக்கம் வீசிப் போய்த் தொட்டியை அடித்தது. தொட்டி வெடித்துத் தண்ணீர் கொட்டியது. அங்கே குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண் அப்பால் நகர்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் என்ஜினை அணைத்துவிட்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வண்டியை வாடகைக்கு விட்ட கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். டெல்லிக்காரப் பெண், முப்பது வயசு இருக்கும். சேற்றிலேயே மண்டியிட்டு நான்கு சக்கரத்தையும் பார்த்தார். எதுவும் உடையவில்லை, எதுவும் கழலவில்லை என்றார். பிறகு எழுந்து, “அங்கிள், தினமும் வண்டியை எப்படி நிறுத்துவீர்கள், செய்து காட்டுங்கள்” என்று இந்தியில் கேட்டார்.

பெருமையாகத்தான் செய்து காட்டினேன். ஃபோர்க் தரையில். கால் சுற்று இடது. குமிழ் முன்சக்கரத்துக்கு. சாவி கையில்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒரு காகிதத்தில் நான்கு சக்கரம் வரைந்து, பொறுமையாகச் சொன்னார். நான்கு சக்கரமும் திரும்பும் நிலையில் நான் ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பும்போது பின்சக்கரமும் கொஞ்சம் திரும்பிவிடுகிறது. அந்த நேரத்தில் குமிழை மாற்றினால், பின்சக்கரம் திரும்பிய இடத்திலேயே பூட்டிக்கொள்கிறது. மறுநாள் முன்சக்கரம் மட்டும் நேராகும், பின்சக்கரம் கோணலாகவே நிற்கும். அதை யாரும் நேராக்காவிட்டால் அன்று சாயங்காலம் கோணல் இன்னும் ஒரு பங்கு கூடும். குமிழைத் தொடுவதற்கு முன்னால் நான்கு சக்கரமும் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். புது வண்டிகளில் அதைக் காட்ட ஒரு விளக்கு எரியும். இது பழைய மாடல், விளக்கு கிடையாது.

“விளக்கு இல்லாத வண்டியில் பெயின்டால் அடையாளம் வைத்துக்கொள்வார்கள்” என்றார். “சீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும்போது இரண்டு புள்ளியும் எதிரெதிரே இருந்தால் சக்கரம் நேர்.” பின்சக்கரத்துப் பக்கம் மறுபடி குனிந்து, இரும்பில் மங்கலாக மிச்சமிருந்த மஞ்சளை விரலால் தடவினார். “இங்கே வைத்திருக்கிறார்களே. தெரிந்த ஆள் யாரோ சரியான இடத்தில் வைத்திருக்கிறார். இதை எதற்கு அழித்தீர்கள்?”

நோட்டுப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் சீக்கிரம் வந்த நாளில் வண்டி ஒழுங்கு, லேட்டாக வந்த நாளில் கோணல். முதல் நாள் சாயங்காலம் நான் கோணலாக்கிவிட்டுப் போனதை, மறுநாள் காலையில் நான் வருவதற்குள் அவர் நேராக்கி வைத்திருக்கிறார். மாதக்கணக்கில். ஒருவரிடமும் சொல்லாமல். அத்தனை நாள் குழப்பமும் ஒரே நொடியில் தீர்ந்துவிட்டது, தீராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான், எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். “விடுங்க ஃபௌஜி சாப். அவன்தான் போயாச்சே. தொட்டி உடைந்ததும் அவன் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் பெயர் எதற்குக் கெட வேண்டும்?”

ஒரு நிமிஷம் சரி என்று தலையாட்டத்தான் தோன்றியது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பிறகு உட்கார்ந்து இன்னொரு ரிப்போர்ட் எழுதினேன், அதே இந்தி, அதே எண்கள். வண்டியில் கோளாறு இல்லை. தவறு ஓட்டியவருடையது. மெக்கானிக் அதைத் தினமும் சரிசெய்துவந்தார், அடையாளமும் வைத்தார், ஓட்டியவர் அதை அழித்தார். அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். மறுபடி பயிற்சி முடியும் வரை ஓட்டியவர் வண்டியைத் தொடக் கூடாது. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நரேலாவுக்குப் போனேன். அவர் தினமும் வருகிற வழியிலேயே போனேன், பஸ், மெட்ரோ, பஸ். ஞாயிற்றுக்கிழமைக்கே இரண்டரை மணி நேரம் ஆயிற்று. விசாரித்து விசாரித்து நாலாவது மாடி ஏறினேன். அவரே கதவைத் திறந்தார். “சாரா?” என்று கேட்டுவிட்டு, அவசரமாக நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் பேச நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. காகிதத்தை மட்டும் நீட்டினேன்.

மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“திங்கக்கிழமைலேருந்து வரேன் சார். ஆனா லேட்டாவும். பஸ்ஸு அப்படி.”

“வாங்க” என்றேன். “நீங்க வந்து பாத்த பிறகுதான் வண்டி நகரும்.”

“வாங்க” என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. மன்னிப்புக் கேட்க வந்தவன், வாய் தவறி அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டேன். என் புத்தி அப்படி.

“அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

அவர் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையைப் பார்த்தார், அதில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார்.

“சொன்னேனே சார்” என்றார். “மூணு வாட்டி.”